தம்பானூரில் சொன்ன வாக்கு

தொண்ணூறுகளில் நான் பழவங்காடிக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை பார்த்தேன். அங்கே தமிழ் அச்சுக் கோக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா கோயில் வாசலில் விடலைத் தேங்காய் விற்றார். அம்மா இல்லை.

ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு அவர் வந்தார். மலையாளி, செங்கொடிக் கட்சியின் தொழிற்சங்கத்தில் முழுநேர ஊழியர். வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கூட்டம் போடுகிறார்கள், நோட்டீஸ் வேண்டும் என்றார். தானே தமிழில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ‘மாலையில் தலைவர்களின் சம்சாரம் உண்டு’ என்றிருந்தது. சிரித்துவிட்டேன்.

“எந்தா சிரிக்குந்நது?”

“மலையாளத்துல சம்சாரம்னா பேச்சு. தமிழ்ல பெண்டாட்டி.”

அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு அவரும் சிரித்தார். “அப்போ நீங்கதான் எனக்குத் தமிழ் படிப்பிக்கணும், டீச்சரே.”

வேலை முடிந்த மாலைகளில் மியூசியம் வளாகத்தில் உட்கார்ந்து படித்தார். ழகரம் அவர் வாயில் என்னைவிட அழகாக வந்தது. போகப்போகப் படிப்பு குறைந்து பேச்சு கூடியது. அப்பாவிடம் சொன்னேன்.

“பையன் நல்லவன்தான் மக்கா. ஆனா கட்சிக்காரனுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

தேர்தலில் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஊரெல்லாம் செங்கொடி. “இனி நம்ம சர்க்கார்” என்று அச்சகத்தில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். கொஞ்ச காலத்திலேயே முதலாளி அந்தத் தோட்டத்தைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் அடுப்பு எரியவில்லை. பொறுத்திருக்கச் சொன்னது கட்சி. அவரால் முடியவில்லை. தொழிலாளர்களைக் கூட்டிவந்து, தன் சர்க்காருக்கு எதிராகவே தலைமைச் செயலகத்தின் முன்னால் பட்டினி கிடந்தார். கட்சி அவரை நீக்கியது. தோளில் கைபோட்டு நடந்தவர்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். அச்சக முதலாளியும், “அவன் இனி இவிடெ வரண்டா” என்று சொல்லிவிட்டார்.

அதனால் அவர் என்னைத் தம்பானூர் பஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார். ஒரு தோள்பை மட்டும் வைத்திருந்தார்.

“தோட்டத்துக்குப் போறேன். அவங்ககூடவே இருக்கப் போறேன்.”

“நானும் வரேன்.”

“வேண்டா. அங்க சோறே இல்ல. ஒரு கொல்லம் கழியட்டே. ஒரு வருஷம். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

அவர் வரவில்லை. அந்த வருஷமும் போனது, அடுத்ததும் போனது. அப்பா மாப்பிள்ளை பார்த்தார், நான் மறுத்தேன். பிறகு கேட்பதை விட்டார். பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அச்சகம் மூடியதும் கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலைக்குப் போனேன். சாஃப்ட்வேர் கம்பெனிப் பெண்கள். எந்நேரமும் சத்தம், சிரிப்பு. அதற்கு நடுவில் என் அறை.

பல வருஷம் கழித்து, ஓணத்துக்கு முந்தின ஒரு நாள் வித்துரா பஸ் ஏறினேன். கோபம் ஒன்றும் இல்லை. அவர் இருக்கிறாரா என்று தெரிய வேண்டியிருந்தது.

இருந்தார். ஒரு லயத்து வாசலில், நரைத்த தாடியோடு.

“வாங்க, வாங்க!” என்று எழுந்தவர் உள்ளே திரும்பி, “இவங்கதான் எனக்குத் தமிழ் சொல்லித்தந்த டீச்சர்” என்றார் பெருமையாக. தோட்டத்துப் பெண் ஒருத்தி, அவர் மனைவி, சிரித்துக்கொண்டே பாலில்லாத கட்டஞ்சாயா கொண்டுவந்தாள்.

அவர் போராட்டத்தைப் பற்றியே பேசினார். யார் மயங்கி விழுந்தார்கள், எந்த மந்திரி காரை நிறுத்தாமல் போனார், எல்லாம் நேற்று நடந்ததுபோல. மனைவி உள்ளே போனதும் நான் கேட்டேன்.

“ஒரு வருஷத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்னீங்க.”

“நானா? எப்போ?”

“தம்பானூர்ல.”

நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பொய் இல்லை.

“அன்னிக்கு மனசு நிறைய இங்க அரிசி எப்படிக் கொண்டுவந்து எத்திக்கிறதுன்னுதான் இருந்தது. சத்தியமா ஓர்மை இல்ல, டீச்சரே.”

மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். மறந்தவரிடம் என்ன கேட்பது? சாயாவைக் குடித்துவிட்டு எழுந்தேன். “சாப்பிட்டுட்டுப் போங்கக்கா” என்றாள் அவள். பஸ் போய்விடும் என்றேன்.

விடுதிக்கு வந்தபோது பெண்கள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். சமையல்காரி எனக்கு மட்டும் கஞ்சி வைத்திருந்தாள். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே குடித்தேன்.