பாட்டு எடுத்த ஏலம்

காலை நடைக்குத் துணையாக ஒரு சின்ன மியூசிக் பிளேயர் வாங்கலாம் என்று கொஞ்ச நாளாக யோசனை. செல்போனிலேயே பாட்டு வருமே என்பீர்கள். வரும். பாட்டு சரணத்துக்குப் போகும் நேரம் பார்த்து, ‘லோன் வேணுமா சார்?’ என்று ஒரு பெண்ணும் கூடவே வருவார்... அதுதான் பிரச்னை.

எங்கள் ஊர் பொன்னேரியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மூச்சு விடாமல் பெருமை பேசினார். எத்தனை பாட்டு வேண்டுமானாலும் பிடிக்கும், சட்டைப் பையில் இருப்பதே தெரியாது, இத்யாதி. “குறை ஏதாவது இருக்கா?” என்றேன். பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டவனைப் போல என்னைப் பார்த்தார்.

விற்பவரைக் கேட்டு என்ன பயன்? வைத்திருப்பவரைத்தானே கேட்க வேண்டும்? எனக்குத் தெரிந்து இந்தக் காலத்திலும் அந்தச் சாதனத்தை வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான் — எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் தேவகி. பழவேற்காடு பக்கம் கோட்டைக்குப்பத்துக்காரர். கழுத்தில் தாலிக்கயிறோடு ஒரு ஒயரும் எப்போதும் தொங்கும். போன் வியாபாரத்துக்கு, பிளேயர் தனக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, மீன் வாங்கப் பழவேற்காடு போயிருந்தேன். கரையில் மீன் ஏலம் தொடங்கக் காத்திருந்த தேவகியிடம் விசாரித்தேன்.

“கொற இல்லாமயா? உப்புக் காத்துல சார்ஜ் போட்ற ஓட்ட துருப்புடிச்சிக்கும்ண்ணா. பேட்டரி பூட்ச்சின்னா மாத்த முடியாதாம், தூக்கித்தான் போடணுமாம். புதுப் பாட்டு வோணும்னா கம்ப்யூட்டர்ல சொருவணும். எங்கூட்ல ஏது கம்ப்யூட்டரு? மீஞ்சூர்லேர்ந்து பொண்ணு வந்தாத்தான் உண்டு. அதுவரைக்கும் கேட்டதையே கேட்டுகினு கீறேன்.”

“அப்புறம் ஏன் காதை விட்டு எடுக்க மாட்டேங்கறீங்க?”

“கூடையோட பஸ் ஏறனா ஆளாளுக்கு மூக்கப் புடிச்சிகினு எதுனா சொல்றாங்க. இது இருந்தா காதுல வுழாது.”

சொல்லிவிட்டு ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டார்.

அந்த ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வாய் ஏலம் விடுபவருக்கு மட்டும்தான். காதர் பாய் விலையை ஏற்றிக்கொண்டே போவார். வேண்டும் என்பவர்கள் தலையை அசைப்பார்கள். கடைசியாக எந்தத் தலை அசைந்ததோ, கூடை அவருக்கு. கையெழுத்து இல்லை, ரசீது இல்லை.

அன்று எல்லோரும் இறாலுக்குக் காத்திருந்தார்கள். முதலில் வந்தது ஒரு கூடை கெளுத்தி. ஞாயிற்றுக்கிழமையில் கெளுத்தியை யார் சீண்டுவார்கள்? முள் கையைக் குத்தும், வழவழப்பு போக உப்புப் போட்டுத் தேய்த்தே நேரம் போய்விடும். ஒரே ஒரு அம்மாள் மட்டும் தலையசைத்துக்கொண்டிருந்தார். எதிரே தேவகியின் தலையும் ஆடியது. அவர் காதில் ஏதோ பிடித்த இடம் வந்திருக்க வேண்டும் — கண்ணை அரைவாசி மூடி, ரசித்து ஆட்டினார். பாய் விலையை ஏற்றினார். மறுபடி ஆடியது. அந்த அம்மாள் விலகிக்கொண்டார்.

“தேவகிம்மாவுக்கு” என்று சொல்லி, பாய் கூடையை அவர் பக்கம் தள்ளினார். கூடை காலில் இடித்த பிறகுதான் தேவகி ஒயரைக் கழற்றினார்.

சுற்றி நின்றவர்களுக்குச் சிரிப்பு. விஷயம் பாய்க்கும் புரிந்துவிட்டது. “பாட்டுக்கா ஆட்டின? வுடும்மா, திருப்பி ஏலம் வுட்றேன்” என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் என் பங்குக்கு, “அதான் பாயே சொல்றாரே...” என்றேன்.

தேவகி ஏரிப் பக்கம் பார்த்தார். இறால் படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது. கையில் இருந்தது ஒரு கூடைக்கான பணம். கெளுத்தியை எடுத்தால் இறால் கிடையாது. பொன்னேரியில் அவரது வாடிக்கை வீடுகள் இறாலுக்காகக் காத்திருக்கும், ஒரு ஞாயிறு ஏமாந்தால் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். இது அத்தனையும் அவர் முகத்தில் தெரிந்தது.

“வாணாம் பாய். எம் பேர்லயே இருக்கட்டும்.”

“தெரியாம ஆட்னதுதானம்மா?”

“ஆட்னது ஆட்னதுதான். இன்னைக்கி இது பாட்டுக்குன்னு சொல்ட்டா, நாளைக்கி எறாலுக்கு ஆட்டும்போது ‘இவ நெசமாத்தான் ஆட்றாளா’ன்னு என் மூஞ்சியப் பாப்பீங்க. பாக்கற நேரத்துல வேற ஆளு எடுத்துகினு பூடுவாங்க.”

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று எங்கள் தெரு முழுக்கக் கெளுத்திக் குழம்புதான்; நானும் அவரிடமே வாங்கினேன். இறாலுக்கு மசாலா அரைத்து வைத்திருந்த என் மனைவி என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டதாகத் தேவகி பிறகு சொன்னார். வருத்தமாகத்தான் சொன்னார்.

அன்றைக்கு முழுக்க எனக்கு என் தலையின் நினைப்பு. ஒரு நாளில் எத்தனை தரம் ஆட்டுகிறேன்? செல்போன் எதையாவது நீட்டி ஒப்புக்கொள்கிறாயா என்றால், படிக்காமலே ஒப்புக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகை தருகிறவரிடம் கண்டிப்பாக வருகிறேன் என்று ஆட்டிவிட்டு, கல்யாணத்தன்று நன்றாகத் தூங்குகிறேன். யாராவது கேட்டால் இருக்கவே இருக்கிறது — ‘சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க.’ பூம்பூம் மாடாவது அரிசிக்காக ஆட்டும். நான் இனாமாகவே ஆட்டுகிறேன். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை... அதை நினைத்தால்தான் கொஞ்சம் வலிக்கிறது.

இந்த ஞாயிறும் பழவேற்காடு போனேன். இறால் கூடைகள் இறங்கின. காதர் பாய் முதல் விலையைச் சொல்ல வாயெடுத்தவர், நிறுத்திவிட்டார். ஓரத்தில் தேவகி, காதில் ஒயர். பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஐஸ் கரைகிறது என்று யாருக்காகவும் காத்திராத ஏலம் அது. தேவகி ஒயரைக் கழற்றிச் சுருட்டி, சுருக்குப்பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார்.

“ம்... சொல்லுங்க பாய்.”

பாய் விலை சொன்னார். தேவகி தலையசைத்தார்.

நானும் பிளேயரை வாங்கிவிட்டேன். பயமில்லாமல் தலையாட்டிக் கேட்கிறேன் — என் தலையை நம்பி யார் ஏலம் விடப் போகிறார்கள்?