ஞானப்பிரகாசம் திரும்பப் பெற்ற செய்தி

எங்கள் நாளிதழின் முன்னாள் தலைமைத் துணையாசிரியர் ஞானப்பிரகாசம், வியாழக்கிழமை காலை ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் காலமானார். அவருடைய மனைவி ஸ்டெல்லா அம்மையார் தொலைபேசியில் தெரிவித்தார். சற்று நேரத்தில் மகளும் உறுதிப்படுத்தினார். இப்படி இருவரிடம் கேட்டு உறுதிசெய்ய எங்களைப் பழக்கியவர் அவர்தான். ஒருவர் மட்டும் சொன்ன மரணச் செய்தியை அவர் அச்சுக்கு விட்டதில்லை.

வேலையோடு நின்றுவிடும் சந்தேகம் அல்ல அது. தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்த்த பிறகே தக்காளி வாங்குவார்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருடைய பழைய டீசல் கார் புகை கக்கி, மேடேற மறுத்தது. நகரத்தில் புதுப்புதுக் கார்கள் வரத் தொடங்கியிருந்தன. புதிதாக வாங்கச் சொன்னோம். "புதுசுக்குள்ள என்ன வெச்சிருக்கான்னு யாருக்கய்யா தெரியும்? இதோட நோய் எனக்குத் தெரியும்" என்றார். எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்ட, தொம்மலூர் மெக்கானிக் பஷீரிடம் விட்டார்.

விட்டுவிட்டு வரவில்லை. விடுப்பெடுத்து, ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நல்ல பாகத்தை எடுத்துக்கொண்டு தேய்ந்ததைப் பூட்டிவிடுவார்கள் என்ற பயம் கார் வைத்திருந்த எல்லோருக்கும் உண்டு. இவரோ, பிரித்த ஒவ்வொரு பாகத்திலும் மனைவியின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தார்.

"இன்னா சார், எஞ்சினுக்கு நலங்கு வெக்கிறீங்களா?" என்றார் பஷீர்.

"அதே பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வரணுமில்ல?"

கடைசல் வேலைக்காக பஷீர் வெளியே லேத் பட்டறைக்கு அனுப்பிய எஞ்சின் பிளாக்கும் கிராங்க் தண்டும் பளபளவென்று திரும்பின. ஒரு பொட்டும் இல்லை. "பஷீர் மாத்திட்டான்" என்று அன்றே அலுவலகத்தில் சொன்னார். அவரே சொன்னதால் யாரும் விசாரிக்கவில்லை. நிருபர்களும் டிரைவர்களும் பஷீரிடம் போவதை நிறுத்தினார்கள். ஷெட் வெறிச்சோடியது.

பிறகு, தன் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்ததோ என்னவோ, ஒரு பழைய போல்ட்டில் பொட்டு வைத்து அந்த லேத் பட்டறைக்கு அவரே கொண்டுபோனார். வேலை தொடங்கும் முன், எண்ணெய்ப் பிசுக்குப் போக, இரும்புப் பாகங்களைக் காஸ்டிக் சோடா கொதிக்கும் தொட்டியில் முக்குவது அங்கே வழக்கம். போல்ட் வெளியே வந்தபோது பொட்டு போயிருந்தது.

மறுநாள் எங்கள் மேசைகளுக்கு ஒவ்வொன்றாக வந்தார். "பஷீரைப் பத்தி நான் சொன்னதுக்கு ஆதாரம் இல்ல. வாபஸ் வாங்குறேன்." பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

"அப்ப சந்தேகம் போயிடுச்சா சார்?" என்று பஷீர் கேட்டார்.

"போகல. நீ மாத்தலைன்னும் ஆதாரம் இல்ல. ஆனா சந்தேகத்தைச் செய்தியா சொன்னேன் பாரு, அது தப்பு."

"நல்லா கேக்கறீங்க சார், மன்னிப்பு." பஷீர் சிரிக்கவில்லை.

எஞ்சினைக் கட்டி முடித்தவரும் பஷீர்தான். கார் இன்றும் ஓடுகிறது. எந்தக் கோளாறுக்கும் அவரிடமே விட்டார் ஞானப்பிரகாசம். பக்கத்தில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தார். பஷீரை விட்டுப்போன வாடிக்கையாளர்களில் சிலர் திரும்பினார்கள். எல்லோரும் அல்ல.

நல்லடக்கம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. சவப்பெட்டிக்கு முன்னால் அந்தக் கார் போக வேண்டும், பஷீர் ஓட்ட வேண்டும் என்று ஸ்டெல்லா அம்மையார் கேட்டிருக்கிறார். "ஜும்மா தொழுதுட்டு சொல்றேம்மா" என்று மட்டும் பதில் வந்ததாம். வருவார் என்று எழுத எனக்கு ஆசைதான். இதை அச்சுக்கு அனுப்பும் வரை உறுதியாகவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் தெரிந்துவிடும்.

போய் வாருங்கள், சார்.