ஒருமுறை மட்டும் கேட்கிற ஊர்

பேர்பெச்சுவா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி வேண்டுமா என்று மூன்று தரம் கேட்கவேண்டும். முதல் தரம், "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பார். இரண்டாம் தரம், "ஏன் உங்களுக்கு வீண் கரைச்சல்?" மூன்றாம் தரம், "சரி, அரைக் கோப்பை." பிறகு முழுக் கோப்பையும் குடிப்பார். எங்கள் ஆட்களின் மரியாதை அது. ஜெர்மனியின் டோர்ட்மண்டுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் அவரை விட்டுப் போகவில்லை.

அந்த மரியாதைதான் 2006இல் அவருடைய வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரி. நான் கருவிகள் கழுவும் பகுதியில். அக்கா ஒப்பரேஷன் தியேட்டரில் தாதி. வெட்டிய இடத்தைக் கொக்கியால் விரித்துப் பிடிப்பதும் கடைசியில் தோலைத் தைப்பதும் அதுவரை இளம் டொக்டர்மாரின் வேலை. டொக்டர்மாருக்குத் தட்டுப்பாடு வந்ததும், அதற்கென்றே பயிற்சி பெற்ற தாதி ஒருவரை வைக்கலாம் என்று பெரிய டொக்டர் சொன்னார். அக்கா வேலையோடு வேலையாகப் படித்துச் சோதனையும் பாஸ் பண்ணிவிட்டார். ஆனால் அந்தப் பதவிக்குச் சம்பளம் ஒதுக்க நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்ற கதைதான். அக்காவுக்கோ அந்த வேலை என்றால் உயிர்.

ஒருநாள் நிர்வாகி லிண்டெமான் தியேட்டர் பக்கமே வந்துவிட்டார். ஒரு வருடத்துக்குப் பணம் ஒதுக்கியாயிற்று, ஆள் கிடைக்காவிட்டால் அது கார் நிறுத்துமிடத்துக்குப் புதுக் கதவு போடப் போய்விடும் என்றார். "நீங்கள் இந்த வேலையை எடுக்கிறீர்களா?" என்று எல்லோர் முன்னாலும் அக்காவைக் கேட்டார்.

அக்கா வெட்கப்பட்டு, "ஐயோ, நான் எதற்கு? வேறு நல்ல ஆட்கள் இருப்பார்களே" என்று திருத்தமான ஜெர்மனில் பதில் சொன்னார்.

"நீங்கள் மறுத்தது கவலைதான்" என்று கைகொடுத்துவிட்டு அந்த மனிதர் போய்விட்டார்.

அக்கா என்னிடம் ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "சரளா, அந்த மனிசன் ரண்டாந்தரம் கேக்கேல்லையடி!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அக்கா, இதென்ன தேத்தண்ணியே? இஞ்சை ஒருத்தரும் ரண்டாந்தரம் கேக்கமாட்டினம். ஓடுங்கோ!"

தியேட்டரின் பச்சை உடுப்போடு வெளியே போகக்கூடாது என்ற சட்டத்தையும் மறந்து அக்கா ஓடினார். பின்னால் நான். லிண்டெமான் காரில் ஏறிக் கதவைச் சாத்தப் போனார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அந்த வேலை வேண்டும்."

"வேண்டாம் என்றீர்களே?"

"அது மரியாதைக்குச் சொன்னது."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்படியென்றால் எடுக்கிறீர்களா?"

அக்கா வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் மறுபடியும் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"எடுக்கிறேன். ஆனால் ஒரு வருடம் காணாது."

லிண்டெமான் சிரித்துவிட்டார். "யோசித்துச் சொல்கிறேன்."

"யோசியுங்கள், நான் நிற்கிறேன்" என்றார் அக்கா.

இரண்டு வருடம் என்று அவர் வாயால் வந்த பிறகுதான் அக்கா கார்க் கதவை விட்டார்.