‘தீர்ப்பு’ என்னும் சொல்லை நான் கற்ற நாள்

புதிதாய்ப் பறித்த மிளகு வெயிலில் சுருங்கும்போது எழும் காரநெடி தெருவெங்கும் தும்மலை வரவழைத்துக்கொண்டிருந்த ஒரு தை மாதத்தில்தான், மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த தேவனூர் நாட்டில் எங்கள் ஊர் கூடி என் பெற்றோரின் வழக்கை விசாரித்தது. அப்போதுதான் நான் பள்ளியில் சேர்ந்திருந்தேன்.

“நாளைக்கு உங்கம்மாளயும் அப்பனையும் ‘தீத்து உடறாங்க’ கண்ணு” என்று அத்தை சொன்னபோது, நான் மகிழ்ச்சியில் குதித்தேன். சளி பிடித்தால் கசாயத்தை நீட்டி, “கண்ண மூடிக் குடி சாமி, தீந்துரும்” என்பாள் அம்மா. ஆகவே, ஓயாத அவர்கள் சண்டைக்கும் ஊரார் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள் என்றே நம்பினேன்.

மறுநாள் கோயில் முன்பு, ஊர்ப்பெரியவர் அப்பாவின் கையில் ஒரு துரும்பைக் கொடுத்தார். அப்பா அதைக் கிள்ளிப் போட்டார். “தீந்துது” என்று பெரியவர் உரக்கச் சொன்னதும், நான் கைதட்டினேன்.

அம்மா எழுந்தாள். “ஏனுங்க, புள்ளய எங்கூட அனுப்புங்க.”

“அப்பன் ஊட்டுப் புள்ள அப்பன் ஊட்டுலதாம்மா இருக்கோணும். வழக்கம் அதுதான்” என்றார் பெரியவர்.

“புள்ளயே கைதட்டுது, இவளுக்கு இன்னும் என்ன வேணுமாம்!” என்றார் கூட்டத்தில் ஒருவர். சிரிப்பு எழுந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு எடப்புளி நாட்டிலிருந்த தன் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

பட்டிமன்ற மேடைகளில் எதிரணியைத் திணறடிப்பவள் என்று பெயரெடுத்த பிறகு, ஒரு தலைப்புக்காக ‘தீர்ப்பு’ என்னும் அந்தச் சொல்லின் வேரைத் தேடினேன். தீர்தல் என்றால் முடிதல், நீங்குதல். விடுதல் என்றே பழைய இலக்கணம் பொருள் கூறுகிறது. நோய் உடலை விட்டு நீங்குவதற்கும், ஒருத்தி தன் வீட்டை விட்டு நீங்குவதற்கும் தமிழ் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது என்று நான் மேடையில் சொன்னபோது, அவையோர் ஆரவாரித்தார்கள். நான் அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டு அமர்ந்தேன்.

இன்று எங்கள் ஊரில் துரும்பு கிள்ளிக் கல்யாணத்தை முறிப்போர் இல்லை. வழக்குகள் பஸ் ஏறி மலையிறங்கி நீதிமன்றம் செல்கின்றன. அங்கே குழந்தையைத் தனியே அழைத்து, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்கிறார்களாம். சென்ற மாதம் எடப்புளிக்குப் போனபோது அதை அம்மாவிடம் சொன்னேன். மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்:

“அன்னைக்கு நீ கைதட்டாம இருந்திருந்தா, இன்னொருக்கா கேட்டுப் பாத்திருப்பேன் கண்ணு.”