நாலு வீட்டு மனை

அரியலூர் ஸ்டேஷன் பக்கம் இருந்த என் மனையில் வரிசையாக நாலு வீடு கட்டப் பஞ்சாயத்து போர்டில் அனுமதி வாங்கி வைத்திருந்தேன். அந்தச் சமயம் திருச்சிக்கு மாற்றலாகவே, அனுமதியோடு விற்கப் பார்த்தேன். வந்து சேர்ந்தார், உடையார்பாளையத்துப் பெரியவர் ஒருவர். நெடிய உருவம். எதையும் முகர்ந்து பார்க்கும் பழக்கம். மண்ணை முகர்ந்தார், கிணற்றுத் தண்ணீரை முகர்ந்தார், வீட்டு பிளானைக்கூட விடவில்லை.

தம் நாலு மகன்களையும் அடுத்தடுத்துக் குடிவைக்க அவருக்கு ஆசை. ஒவ்வொருவராகக் கூட்டி வந்தார். ஒருவனுக்கு வாசல் கிழக்கே வேண்டும். இன்னொருவனுக்குத் தம்பி வீட்டோடு பொதுச்சுவர் கூடாது. ஒவ்வொன்றுக்கும் போர்டு ஆபீசுக்கு அலைந்தது நான்தான்.

பத்திரம் எழுதவேண்டிய காலையில் மறுபடி வந்து நின்றார்.

"கெணத்தோரம் ஒரு ரூமு சேத்துக்க முடியுங்களா?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நாலு பேருக்கு நாலு வீடு ஆச்சே! இன்னும் எதுக்குங்க?"

"நான் யாரோட இருக்கறதுன்னு ஒருத்தனும் வாயத் தொறக்கலீங்க."

முணுமுணுத்துக்கொண்டே மறுபடி போர்டுக்குப் போனேன். அனுமதி கிடைத்தது, மனையும் கைமாறியது.

சில வருஷம் கழித்து ரயிலில் போகும்போது எட்டிப் பார்த்தேன். கிணற்றோரம் அந்த ஒற்றை அறை மட்டும் வெள்ளையடித்து நின்றது. மற்ற இடமெல்லாம் வெறும் மனை. மகன்கள் வர மறுத்தார்களா, இவரே வேண்டாமென்று விட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.