வேப்பமரத்தைச் சுற்றிய சூரியன்

பாக்கியமேரி டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. அது 1934. இன்ஸ்பெக்டர் வந்து பாடம் பார்த்து நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மேலூருக்குப் போய் அக்கா பெற்ற ஐந்துக்கும் மூக்குச் சிந்திவிட வேண்டியதுதான்.

"ஒழுங்கா பூகோளம் எடு. வித்தை காட்டாதே" என்று தலைமையாசிரியை ஆனிமேரியம்மாள் எச்சரித்திருந்தார். உலகமே தன்னைச் சுற்றித்தான் நடக்கிறது என்று அந்த அம்மாளுக்கு நினைப்பு.

டீச்சர் கேட்கிற ஆளா? இன்ஸ்பெக்டர் சீதாராமய்யர் வந்ததும், நாற்பது பிள்ளைகளையும் முற்றத்து வேப்பமரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக நிறுத்தினார். மரம்தான் பால்வீதி என்ற நட்சத்திரக் கூட்டத்தின் நடு. பிள்ளைகள் நட்சத்திரங்கள். கடைசிக்கு முந்தின வட்டத்தில் நின்ற பாண்டியம்மாள் சூரியன்.

"எந்தப் பக்கம் தலை அதிகமாத் தெரியுது?"

"மரத்துப் பக்கம், டீச்சர்."

"அப்ப நீ நடுவுல இல்ல, தள்ளிக் கெடக்க. சூரியன் இருக்குற எடத்தையும் இப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. இப்ப எல்லாரும் நடங்க. உள்ள உள்ளவ முந்துறாளா? வெளிய உள்ளவ பிந்துறாளா? இந்த வித்தியாசத்த அளந்துதான் சூரியனும் சுத்துதுன்னு சொல்றாங்க."

பாடம் அருமையாகத்தான் போனது. ஆனால் மதுரைப் பிள்ளைகள் அல்லவா? மரத்தைச் சுற்றச் சொன்னதும் பழக்கதோஷத்தில் கை கூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்தியோடு வலம் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

"கர்த்தரே! மிஷன் ஸ்கூல்ல மரத்தைக் கும்பிட வச்சுட்டாளே!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார் ஆனிமேரியம்மாள்.

டீச்சருக்கு மேலூர் பஸ் கண்ணில் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், இன்ஸ்பெக்டரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியபடி பிள்ளைகளோடு வலம் வந்துகொண்டிருக்கிறார்!

"ஐயா, இது பாடமுங்க" என்றார் டீச்சர், அழாத குறையாக.

சீதாராமய்யர் சட்டென்று கூப்பிய கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "தெரியும், தெரியும். சூரியன் ஒரு சுத்து சுத்த எவ்வளவு நாளாகும்?"

"இருபது கோடி வருஷத்துக்குக் குறையாதுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, பார்வையாளர் புத்தகத்தில் விறுவிறுவென்று எழுதி ஆனிமேரியம்மாளிடம் நீட்டினார்: 'பாடம் நன்று. சூரியன் ஒரு சுற்று முடிக்கும்வரை இந்த ஆசிரியையை வேலையை விட்டு நீக்கலாகாது.'

ஆனிமேரியம்மாள் இரண்டு தடவை படித்தார். "இருபது கோடி வருஷமா?"

சந்தோஷத்தில் டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சொச்சமும் உண்டும்மா" என்றார் டீச்சர்.