சகுனத்தில் வரும் தும்மல்

எட்டு வயதில் எனக்குக் கல்யாணக் கவலை வந்தது. காரணம், மூக்கு.

மலையாள எல்லையோரத்து வடகரப்பதியில் எங்கள் வீட்டில் அத்தை, அப்பாவின் தங்கை, விடிந்ததும் தும்ம ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை நிறுத்த மாட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் தாம்பூலத்தில் கை வைத்த நேரம் பார்த்து ஒன்று போட்டாள். வெற்றிலையைத் தட்டிலேயே விட்டு எழுந்து போனார்கள். அதிலிருந்து யார் வெளியே கிளம்பினாலும் அவள் கடலைக்காய் மூட்டை அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். எருமையை மேய்ச்சலுக்கு ஓட்டினாலும் அப்படித்தான். எருமைக்கும் சகுனம் உண்டல்லவா?

அந்த மார்கழியில் கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு காலையில் நானும் தும்மினேன். சித்திரை வந்தும் நிற்கவில்லை. மூக்கு ஒழுகும், அடைக்கும், மறுபடி ஒழுகும். அத்தையுடையது எனக்கு ஒட்டிக்கொண்டது என்று முடிவு கட்டினேன். இனி மூட்டை அறையில் எனக்கும் ஒரு பாய். எனக்கு எவன் பெண் கொடுப்பான்? தும்மலை அடக்கப் போய்க் காது அடைத்தது. மூளைதான் இடம் மாறிக் காதில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று ஊரைக் கூட்டினேன்.

இதில் ஒரு வேடிக்கை. நான் தும்மினால் ஆயுசு நீள அம்மா "நூறு" என்பாள், அடுத்ததற்கு "இருநூறு". அத்தை தும்மினால் அப்பா செருப்பைக் கழற்றிப்போட்டு உட்கார்வார். "கெளம்பறப்பவே ஆரம்பிச்சுட்டா பாரு!"

என்னைச் சித்தூர் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மலையாளம் கலந்த தமிழில் விளக்கினார்: தூசியால் வருவது ஒரு வகை, குளிர்காற்று, தாளிக்கிற புகை பட்டு வருவது இன்னொன்று, மூக்கில் மருந்தை ஓயாமல் விட்டே வரவழைத்துக்கொள்வது வேறொன்று.

"இது குடும்பத்தில் வரும். வீட்டில் வேறே ஆர்க்காவது உண்டோ?"

"ஆருக்கும் இல்லீங்க," என்றார் அப்பா.

பாவம், மறதி என்று நினைத்தேன். எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன், தும்மல்தான் வந்தது.

"கடலைத்தோல், தவிடு, சாக்குத்தூசி. அந்தப் பக்கமே குட்டியை விடக்கூடாது, கேட்டோ."

வீடு திரும்பியதும் மூட்டை அறைப் பக்கம் நான் தலைவைக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். அம்மா சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் அத்தை அதற்குள்தான் இருந்தாள். நான் உத்தரவை மதித்து வெளியிலேயே நின்றேன்.

"டாக்டரு என்ன கண்ணு சொன்னாரு?" கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

பாடம் ஒப்பிப்பதுபோல வகைகளையெல்லாம் சொன்னேன்.

"சகுனத்துல வர்றது எந்த வகைன்னு சொன்னாரா?"

"அதைக் கேக்க மறந்துட்டனுங்க அத்தை. அடுத்த வாட்டி கேட்டுட்டு வர்றனுங்க."

அத்தை சிரித்தாள். சிரிப்போடு ஒரு தும்மலும் வந்தது.

"நூறு," என்றேன் நான், அம்மாவைப் போலவே.

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. அது குளிர்காற்று வகை என்று நினைத்துக்கொண்டேன்.